மில் லேப் வேலையை விட்டுத் தோட்டப் பள்ளிக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கப் போகலாமா?

செம்பனை_லேப்:
வணக்கம். நான் மலேசியாவில், சிலாங்கூர் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம். (பெஸ்தாரி ஜெயா என்று 2007-இலேயே பெயரை மாற்றிவிட்டார்கள், ஆனால் எங்கள் அம்மாவிடம் அப்படிச் சொன்னால் அது எந்த ஊர் என்பார்.) வேதியியல் பட்டம் முடித்து நாலு வருடமாகச் செம்பனை ஆலை லேப்பில் இருக்கிறேன். எண்ணெய் மாதிரி எடுப்பது, ஈரம் பார்ப்பது, அழுக்கு பார்ப்பது, பினோப்தலீன் விட்டு டைட்ரேஷன் செய்து எஃப்.எஃப்.ஏ. (எண்ணெயில் பிரிந்து கிடக்கும் கொழுப்பு அமிலம்) பார்ப்பது, அது 5 விழுக்காட்டைத் தாண்டினால் பெரியவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது, இதுதான் வேலை. குறையில்லை. அலுப்புதான்.

பக்கத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் ஆசிரியர் மாற்றலாகிப் போய்விட்டார். தலைமையாசிரியர் அப்பாவுக்குப் பழக்கம், "தங்கச்சி தற்காலிகமா வந்து பாருங்களேன்" என்று கேட்கிறார். போன மாதம் ஒரு சனிக்கிழமை சும்மா உதவிக்குப் போனேன். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் துருப்பிடித்தல் பரிசோதனை. மூன்று சோதனைக்குழாய், மூன்றிலும் ஆணி. ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் ஈரத்தை உறிஞ்சும் பொருள், மூன்றாவதில் கொதிக்கவைத்து ஆறிய நீர், மேலே எண்ணெய். ஒரு பெண் பிள்ளை கையைத் தூக்கி, "ஏன் டீச்சர் எண்ணெய் ஊத்துறோம்?" என்றாள். அங்கே இருந்த தமிழ் டீச்சர், பாவம், "சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போடுறோம்ல, அது மாதிரி" என்று சொல்லிவிட்டார். எண்ணெய் ஆணியைத் தொடவே இல்லையே! நான் மெதுவாக, கொதிக்க வைத்தால் நீரில் கரைந்திருக்கும் காற்று வெளியே போய்விடும், மறுபடி காற்று உள்ளே இறங்காமல் எண்ணெய் மேலே மூடிக்கொள்ளும் என்றேன். உடனே அடுத்த கேள்வி: "அப்போ தேங்காயெண்ணெய் ஊத்தினாலும் துருப்பிடிக்காதா?" ஊற்றிப் பார்ப்போமே என்றேன். நாலு பிள்ளைகள் தேங்காயெண்ணெய் வாங்க ஓடினார்கள்.

அதிலிருந்து மனம் அங்கேயே நிற்கிறது. கேட்க வந்தது இதுதான். பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு ஆசிரியராக முடியுமா, வேறு என்ன படிக்கவேண்டும்? அறிவியலுக்கு ஆள் பற்றாக்குறை என்கிறார்கள், அப்படியானால் ஏன் எல்லோரும் காத்திருக்கிறார்கள்? உள்ளே இருப்பவர்கள் உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் இருக்கிறீர்களா?

ரிலீஃப்_சார்:
தங்கச்சி, முதலில் ராஜினாமா கடிதத்தை மடித்து வை. தற்காலிகம் என்றால் தற்காலிகம்தான், நிரந்தர ஆள் வந்த அன்றைக்கே நீ வீட்டுக்கு.

தமிழ்ப்பள்ளி அறிவியல் ஆசிரியருக்குப் பழகிய வழி என்றால் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த கையோடு ஆசிரியர் கல்விக் கழகத்துக்குள் போவது. ஒரு வருடம் ஆயத்தம், நாலு வருடம் பட்டம். நான் அப்படித்தான் வந்தேன், அறிவியல் ஒப்ஷன் (சிறப்புப் பாடம்). நீ அந்த வயதைத் தாண்டிவிட்டாய். உன்னைப் போன்ற பட்டதாரிகளுக்கு இன்னொரு வழி இருக்கிறது, பட்டத்துக்கு மேல் கல்வியியல் டிப்ளோமா. ஆனால் அதற்கு வருடா வருடம் ஆள் எடுப்பார்கள் என்று நம்பி உட்காராதே, அறிவிப்பு வரும்போது பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். 2021 கடைசியில் கல்வி அமைச்சு ஒரே தடவை சிறப்பு நியமனம் என்று 18,702 பேரை எடுப்பதாகச் சொன்னது ஞாபகம் இருக்கா? அந்த மாதிரி நேரத்தில் தயாராக இருந்தவர்கள் உள்ளே வந்தார்கள். கல்விச் சேவை ஆணையத்தின் பக்கத்தை அடிக்கடி எட்டிப் பார்.

எஸ்.பி.எம்.மில் தமிழ் எடுத்தாயா? மலாய் மொழியில் கிரெடிட் (நல்ல தேர்ச்சி) இருக்கா? இந்த இரண்டையும் முதலில் பார். நல்லா படித்த பிள்ளைகளே தமிழை விட்டுவிட்டு அப்புறம் இங்கே வந்து முழிப்பதை நிறையப் பார்த்துவிட்டேன்.

"பற்றாக்குறை என்றால் ஏன் காத்திருக்கிறார்கள்" என்று கேட்டது சரியான கேள்வி. ஆள் இல்லை என்பது ஒன்று, இடம் இல்லை என்பது வேறு. எத்தனை வகுப்போ அதை வைத்துத்தான் ஆசிரியர் இடம். தோட்டத்தில் செம்பனை வேலைக்கு இப்போது வெளிநாட்டவர், நம்மவர்கள் பட்டணத்துப் பக்கம் போய்விட்டார்கள், பிள்ளைகள் குறைந்துபோனார்கள். 150 பிள்ளைகளுக்குக் கீழே போனால் குறைந்த மாணவர் பள்ளி, 30-க்கும் கீழே போனால் இரண்டு ஆண்டுகளை ஒரே வகுப்பில் சேர்த்துவிடுவார்கள். அப்புறம் எங்கே அறிவியலுக்கென்று தனி ஆள்? கணக்கில் பார்த்தால் பள்ளியில் ஆள் சரியாக இருக்கும், பாடத்துக்குத்தான் ஆள் இருக்காது.

மூன்று_பாடம்_ஒரு_டீச்சர்:
அந்தத் தமிழ் டீச்சர் நான் இல்லை. ஆனால் நானாகவும் இருந்திருக்கலாம், அதனால்தான் எழுதுகிறேன்.

என் ஒப்ஷன் தமிழ். மூன்று வருடமாக அறிவியலும் நன்னெறியும் சேர்த்து எடுக்கிறேன். ஞாயிறு இரவு பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு யூடியூப்பில் சந்திர கிரகணம் பார்த்துவிட்டு மறுநாள் காலையில் போய் ஆரஞ்சுப் பழமும் டார்ச் லைட்டும் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். தெரியாததை நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லப் பழகிக்கொண்டேன், முதல் வருடம் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. சைக்கிள் செயின் மாதிரி நானும் ஏதேதோ சொல்லியிருப்பேன்.

எங்கள் பள்ளியில் அறிவியல் அறை என்று ஒன்று இருக்கிறது. கதவைத் திறந்தால் விளையாட்டுப் போட்டிக் கூடாரம், உடைந்த நாற்காலி, பொங்கல் பானை. தண்ணீர்க் குழாயை அடைய வேண்டுமானால் கூடாரத்தின் மேல் ஏறித் தாண்ட வேண்டும். தராசு பூட்டிய அலமாரியில், சாவி யாரிடம் என்று கேட்டால் மாற்றலாகிப் போனவரிடம்!

சந்தோஷமா என்று கேட்டீங்களே. வகுப்பில் இருக்கும் நேரம் சந்தோஷம். மற்ற நேரம்தான் கேள்வி. யு.பி.எஸ்.ஆர். (ஆறாம் ஆண்டுத் தேர்வு) 2021-இல் போனது, பிள்ளைகளுக்கு நல்லதுதான், ஆனால் அதற்குப் பதிலாக வகுப்பறை மதிப்பீட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு திறனுக்கும் அடைவுநிலை 1-இலிருந்து 6 வரை பதிவு செய்யணும், மூன்று பாடம் எடுத்தால் மூன்று மடங்கு. சனிக்கிழமை புறப்பாட நடவடிக்கை. இணையம் இழுக்கும் வேகத்துக்கு ராத்திரி 11 மணிக்குத்தான் தகவல் ஏறும். என்னுடன் படித்தவள் 40 வயது ஆனதும் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டாள். சம்பளம் போதாமல் இல்லை. "நான் எப்பங்க சொல்லிக்கொடுக்கிறது?" என்று என்னிடம் கேட்டாள்.

நீங்க வந்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும், வராவிட்டால் வருத்தமாக இருக்கும்.

பழைய_வாத்தியார்:
ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆயிற்று. ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன் அம்மா, மொழி.

2003-இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொடு என்றார்கள். மடிக்கணினி தந்தார்கள், புரொஜெக்டர் தந்தார்கள், ஊக்கத்தொகையும் தந்தார்கள். தமிழில் சரளமாக அறிவியல் சொன்ன ஆசிரியர்கள் வகுப்பில் சொல்லுக்குத் தடுமாறி நின்றதை என் கண்ணால் பார்த்தேன், நானும் நின்றேன். பழகி வரும்போது தாய்மொழிக்கே திரும்பு என்றார்கள். 2016-இலிருந்து இருமொழித் திட்டம், அதை எடுத்த பள்ளியில் மறுபடி ஆங்கிலம். பிள்ளை இங்கே ஒளிச்சேர்க்கை என்று படித்துவிட்டு இடைநிலைப்பள்ளி முதல் படிவத்தில் போய் உட்கார்ந்தால் ஃபோதோசிந்தேசிஸ் என்பார் மலாய் ஆசிரியர். பாடம் புரிந்த பிள்ளை சொல்லை மாற்றிக்கொள்ளும். புரியாமல் மனப்பாடம் செய்த பிள்ளை அங்கேயே விழுந்துவிடும், படிவம் 4-இல் அறிவியல் பாடங்கள் பக்கமே தலைவைக்காது. மாணவர்களில் அறிவியலுக்கு 60 விழுக்காடு, கலைக்கு 40 என்ற இலக்கை 1967-இல் வகுத்தார்கள், இன்றைக்கும் அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அதனால் உங்களுக்குப் பட்டம் இருப்பது பெரிய விஷயம்தான், ஆனால் டைட்ரேஷனைத் தமிழில் ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சொல்லிப் பாருங்கள். வகுப்பைக் கட்டி மேய்ப்பது வேறு வித்தை. ஒரு சனிக்கிழமை பிள்ளைகளோடு இருந்ததை வைத்து முடிவெடுக்காதீர்கள், வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை 35 பிள்ளைகளோடு ஒருநாள் நின்று பாருங்கள்.

மில்லுக்காரன்:
உங்க பழைய வாத்தியார் பயமுறுத்துறார். நான் மில்லில் 19 வருஷம், ஷிப்டு மாறி மாறி என் மகள் வளர்ந்ததே எனக்குத் தெரியாது. வாத்தியார் வேலைக்குப் பள்ளி விடுமுறை உண்டு, போங்க.

ரிலீஃப்_சார்:
@மில்லுக்காரன் விடுமுறையிலும் கூட்டம், பயிற்சி இருக்கு அண்ணே. இருந்தாலும் ராத்திரி ஷிப்ட் இல்லை, அதை ஒத்துக்கிறேன்.

செம்பனை_லேப்:
எல்லோருக்கும் நன்றி. எஸ்.பி.எம். தமிழ் இருக்கு, மலாய் கிரெடிட்டும் இருக்கு, சான்றிதழைத் தேடி எடுத்துவிட்டேன். இப்போதைக்கு வேலையை விடவில்லை. தலைமையாசிரியரிடம் பேசினேன், முகம் கொஞ்சம் சுருங்கியது, ஆனால் மாதம் இரண்டு சனிக்கிழமை வருகிறேன் என்றதும் சரி என்றார். டிப்ளோமாவுக்கு அறிவிப்பு வந்தால் போடப்போகிறேன், கிடைத்தால் அப்புறம் அம்மாவிடம் சண்டை போட்டுக்கொள்கிறேன்.

மூன்று பாட டீச்சர், உங்களிடம் ஒன்று கேட்கணும் அக்கா. தேங்காயெண்ணெய் ஊற்றிய குழாயிலும் ஆணி துருப்பிடிக்கவில்லை, ஆனால் பள்ளியில் குளிரூட்டி அறையில் வைத்திருந்ததால் எண்ணெய் உறைந்து வெள்ளைக் கட்டியாகிவிட்டது. பிள்ளைகள் இப்போது துருவை மறந்துவிட்டு அது ஏன் கட்டியாச்சு என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இதை ஐந்தாம் ஆண்டில் எந்தப் பாடத்தோடு சேர்த்துச் சொல்வீர்கள்?

மூன்று_பாடம்_ஒரு_டீச்சர்:
பருப்பொருளின் நிலைகள். உறைதல் அதில்தான் வருது. எனக்கும் இரண்டு குழாய் எடுத்து வையுங்க, வந்து வாங்கிக்கிறேன்.