பட்டறை வேலையா போனப்ப லாரி அடிச்சிடுச்சு. முதலாளி "அது ரோடு விபத்து"ங்கிறார். யார் மேல கேஸ் போடணும்?

லேத்வீட்டுத்தம்பி | 3 டிசம்பர் 2025

வணக்கம். மாமாவுக்காக (அக்கா வீட்டுக்காரர்) கேக்கிறேன். வயசு 35. சின்ன லேத் பட்டறையில 11 வருஷமா டர்னர் (லேத் மெஷின் ஓட்டுறவர்). மொத்தமே 8 பேர், இ.எஸ்.ஐ., பி.எஃப். எதுவும் கிடையாது. மாசம் 18,000, ஜிபேல வரும்.

ஆகஸ்ட் 12 காலையில இன்செர்ட் (லேத்துல இரும்பைச் சீவுற முனை) தீர்ந்துபோச்சுன்னு முதலாளி பட்டறை பைக்கைக் கொடுத்து டூல்ஸ் கடைக்கு அனுப்பினார். வாங்கிட்டுத் திரும்புறப்ப ராங் சைடுல வந்த லாரி அடிச்சிடுச்சு. வலது மணிக்கட்டு நொறுங்கி, பிளேட்டும் ஆறு ஸ்க்ரூவும் வச்சிருக்காங்க. விரல் பாதிதான் மடங்குது. போன வாரம் பட்டறைக்குப் போய் சக் சாவியை (லேத்துல ஜாப்பைப் பிடிச்சு வைக்கிற சக்கை இறுக்குற சாவி) பிடிச்சுப் பார்த்திருக்கார். கால்வாசி திருப்புறதுக்குள்ள கையை விட்டுக் கீழ விழுந்துடுச்சாம். அதுக்கப்புறம் யார்கிட்டயும் சரியா பேசல.

முதலாளி ஆஸ்பத்திரிக்கு 40,000 கட்டினார். அதோட சரி, சம்பளம் இல்ல. இப்ப "லாரிக்காரன்கிட்ட கேளு, நான் மனிதாபிமானத்துல கொடுத்தேன்"னு சொல்லி ஒண்ணும் எழுதாத பத்திரத்துல கையெழுத்து கேக்கிறார். வலது கை வராதுன்னா இடது பெருவிரல் ரேகை போதுமாம்.

லாரி மேல போடணுமா, முதலாளி மேலயா? ரெண்டு பக்கமும் போடலாமா?

நிதானம் | 3 டிசம்பர்

40,000 கொடுத்த முதலாளி கெட்டவர் இல்ல. கோர்ட்டுன்னு போனா வருஷக்கணக்கா இழுக்கும், வேலையும் போயிடும். இன்னொரு 50,000 கேட்டு வாங்கிட்டு சமாதானமா போங்க.

பழைய_சங்கம் | 3 டிசம்பர்

தம்பி, மேல சொன்ன யோசனையை இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுடுங்க. சக் சாவியே திருப்ப முடியாதவருக்கு எந்த வேலை போகப் போகுதுன்னு பயப்படணும்?

ரேகை வைக்க வேண்டாம். ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் 1923, பிரிவு 17: இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கிற எந்த ஒப்பந்தமும் செல்லாது. "அப்போ வச்சாலும் பரவாயில்லையே"ன்னு நினைச்சுடாதீங்க. வெத்துத் தாள்ல பின்னாடி என்ன வேணா எழுதலாம். "அவன் அன்னிக்கு லீவுல இருந்தான்"னு எழுதினா அதை உடைக்கவே ஒரு வருஷம் போகும்.

"ரோட்டுல நடந்தது"ங்கிறது பதிலே இல்ல. முதலாளி அனுப்பி, பட்டறை பைக்ல, பட்டறைச் சாமான் வாங்கப் போனவர். அந்த நேரத்துல அந்த ரோடுதான் அவருக்குப் பட்டறை. வீட்டுல இருந்து வேலைக்குப் போற வழியில நடந்த விபத்துக்கே, வேலையோட தொடர்பு இருந்தா இந்தச் சட்டம் பொருந்தும்னு 2025 ஜூலையில சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. அது சர்க்கரை ஆலைக் காவலாளி கேஸ். உங்க மாமா கேஸ் அதைவிட நேரடியானது.

நவம்பர் 21 முதல் இந்தச் சட்டத்துக்குப் பதிலா சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கு. விபத்து ஆகஸ்ட்ல நடந்ததால பழைய சட்டத்துலயே போங்க.

கோர்ட்வாசல் | 4 டிசம்பர்

ரெண்டு பக்கமும் வாங்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 167 அதைத்தான் சொல்லுது. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம், இல்லன்னா தொழிலாளர் துறை ஆணையர், ஏதாவது ஒண்ணு. அவசரப்பட்டு எதையும் தாக்கல் பண்ணிடாதீங்க.

கணக்கைப் பாருங்க. சம்பாதிக்கிற திறன்ல 40 சதவீதம் போச்சுன்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம்.

ஆணையர்கிட்ட போனா: சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 15,000-தான் எடுப்பாங்க. அதுல 60 சதவீதம் 9,000. சட்டத்தோட அட்டவணையில 35 வயசுக்கான காரணி (பெருக்க வேண்டிய எண்) 197.06. பெருக்கினா 17,73,540. அதுல 40 சதவீதம் 7,09,416.

தீர்ப்பாயத்துல: 18,000-ஐ நிரூபிச்சா, 40 வயசுக்குக் கீழங்கிறதால எதிர்கால உயர்வு 40 சதவீதம் சேர்த்து 25,200. வருஷத்துக்கு 3,02,400. 31 முதல் 35 வயசுக்குப் பெருக்கல் எண் 16. அதுல 40 சதவீதம் 19,35,360. வலி வேதனை, மருத்துவச் செலவெல்லாம் தனி.

இதைப் பார்த்ததும் எல்லாரும் தீர்ப்பாயத்துக்குத்தான் ஓடுவாங்க. ஓடுறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் சொல்லுங்க. விபத்து அன்னிக்கு லாரிக்கு இன்சூரன்ஸ் உயிரோட இருந்துச்சா? பரிவாகன் ஆப்ல நம்பர் போட்டா தெரியும். அடுத்து, உங்க மாமாவுக்கு லைசென்ஸ் இருக்கா?

பிளேட்டும்_ஸ்க்ரூவும் | 4 டிசம்பர்

எனக்கும் இதே மணிக்கட்டு, மூணு வருஷம் முன்னாடி. ஆஸ்பத்திரியில முதல்ல எழுதின ஏ.ஆர். காப்பியை (விபத்துப் பதிவேட்டு நகல்) இன்னிக்கே வாங்கிப் பாருங்க. என்னோடதுல "பைக் சறுக்கி விழுந்தார்"னு இருந்துச்சு. நான் மயக்கத்துல கிடந்தேன், கூட்டிட்டு வந்தவர் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கார். அந்த ஒரு வரியை வச்சு இன்சூரன்ஸ் வக்கீல் என்னைக் கூண்டுல நிக்க வச்சு அரைமணி நேரம் வறுத்தெடுத்தார்.

லேத்வீட்டுத்தம்பி | 6 டிசம்பர்

அண்ணா, வயித்துல புளியைக் கரைச்சிட்டீங்க. ஏ.ஆர். காப்பி வாங்கினேன். "சறுக்கி விழுந்தார்"னுதான் இருக்கு. கூட்டிட்டுப் போனது முதலாளியோட தம்பி. எஃப்.ஐ.ஆர். மூணாவது நாள்தான் போட்டிருக்காங்க, அதுல லாரி நம்பர் இருக்கு.

ஆப்லயும் பார்த்தேன். லாரி இன்சூரன்ஸ் ஜூன்லயே முடிஞ்சிருக்கு. மாமாவுக்கு லைசென்ஸ் இருக்கு.

19 லட்சம்னு அக்காகிட்ட சொல்லிட்டேன், அதான் கஷ்டமா இருக்கு.

கோர்ட்வாசல் | 6 டிசம்பர்

சொல்லாம இருந்திருக்கலாம். சரி, விடுங்க.

இன்சூரன்ஸ் இல்லாத லாரி மேல 19 லட்சத்துக்குத் தீர்ப்பு வாங்கலாம். ஆனா பணம் லாரி ஓனர் பையில இருந்து வரணும். அவர் பேர்ல அந்த லாரியைத் தவிர ஒண்ணும் இல்லன்னா, தீர்ப்பு நகலை வச்சுட்டு நிறைவேற்று மனுவுக்கு (தீர்ப்புப் பணத்தை வசூல் பண்ணித் தரச் சொல்ற மனு) அலையணும். லாரி இன்னும் ஸ்டேஷன்ல நிக்குதான்னு கேளுங்க. இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை, இழப்பீட்டுக்கு ஈடு வாங்காம விடக்கூடாது. பெரும்பாலும் இந்நேரம் வெளியே போயிருக்கும்.

இதோட "சறுக்கி விழுந்தார்" வேற. தீர்ப்பாயத்துல 166-ம் பிரிவுல போனா லாரி டிரைவர் தப்பை நாமதான் நிரூபிக்கணும். மாமா மேலயும் பாதி தப்புன்னு சொல்லிட்டா பாதி குறையும். ஆணையர்கிட்ட அந்தக் கேள்வியே வராது. லாரி அடிச்சாலும் சரி, சறுக்கி விழுந்தாலும் சரி, வேலை நேரத்துல வேலைக்காகப் போனாரா, அவ்வளவுதான் கேள்வி. குடிச்சிருந்தா சிக்கல்.

நான்னா ஆணையர்கிட்டதான் போவேன். சின்னத் தொகைதான், ஆனா கொடுக்க வேண்டியவருக்குப் பட்டறையும் மெஷினும் இருக்கு, எங்கயும் ஓட முடியாது. தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி எடுத்திருந்தா இன்சூரன்ஸே கட்டும். அதையும் நோட்டீஸ்ல கேளுங்க. இதுக்குக் கெடு 2 வருஷம். லாரி கேஸுக்குச் சட்டத்துல 6 மாசம்தான், அதாவது பிப்ரவரி நடுவுல. அதனால ஜனவரிக்குள்ள முடிவுக்கு வந்துடுங்க.

பழைய_சங்கம் | 7 டிசம்பர்

7 லட்சம்னு மனசைக் குறுக்கிக்காதீங்க. 40 சதவீதம் ஒரு பேச்சுக்குச் சொன்னது. டாக்டர் கை எவ்வளவு மடங்குதுன்னு அளந்து சதவீதம் போடுவார். சட்டம் பார்க்கிறது சம்பாதிக்கிற திறன் எவ்வளவு போச்சுன்னு. 1976-ல சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு தச்சர் கேஸ் வந்தது. இடது கை முழங்கைக்கு மேல போயிடுச்சு. ஒத்தைக் கையோட தச்சு வேலை முடியாதுன்னு 100 சதவீத இழப்பாவே எடுத்தாங்க. மாமாவுக்குக் கை இருக்கு, அதனால 100 கிடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா டாக்டர்கிட்ட "கை வலிக்குது"ன்னு சொல்லாம, டர்னர் வேலைன்னா என்ன, சக் சாவியை எப்படி இறுக்கணும், மைக்ரோமீட்டரை எப்படிப் பிடிக்கணும்னு செஞ்சு காட்டச் சொல்லுங்க.

முதலாளி கட்டின 40,000 மருத்துவச் செலவு. அதை இழப்பீட்டுல கழிக்க முடியாது, பிரிவு 4-லயே விளக்கம் இருக்கு. நீங்க கைக்காசு போட்ட பில்லும் அவர் தலையிலதான். ஒரு மாசத்துக்குள்ள இழப்பீடு கொடுக்காததால வருஷத்துக்கு 12 சதவீத வட்டி. தக்க காரணம் இல்லாம இழுத்தடிச்சார்னா 50 சதவீதம் வரைக்கும் அபராதம். மனிதாபிமானம் பேசுறவர்கிட்ட இந்த வரியைக் காட்டுங்க.

வக்கீல் "வர்றதுல 30 சதவீதம்"னு கேட்டா எழுந்து வந்துடுங்க. அப்படிப் பேசவே பார் கவுன்சில் விதி இடம் கொடுக்கல. தொழிலாளிக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில இலவசமா வக்கீல் உண்டு.

இனி முக்கியமானது ஒண்ணுதான்: அன்னிக்கு முதலாளிதான் அனுப்பினார்னு காட்ட என்ன இருக்கு?

லேத்வீட்டுத்தம்பி | 9 டிசம்பர்

போன்ல "சீக்கிரம் வா, ஜாப் நிக்குது"ன்னு முதலாளியோட வாட்ஸ்அப் இருக்கு, 11.52-க்கு.

இன்னொண்ணு. ஆஸ்பத்திரியில கத்தரிச்சு எடுத்த சட்டையை ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கொடுத்திருந்தாங்க. அக்கா அதைப் பிரிக்கவே இல்ல, பீரோ மேல கிடந்துச்சு. நேத்து நான் பிரிச்சேன். பையில டூல்ஸ் கடை பில் நாலா மடிச்சு இருக்கு. பட்டறை பேர்ல, ஆகஸ்ட் 12, 11.40. ஓரம் மட்டும் கறை. ஏ.ஆர். காப்பியில சேர்த்த நேரம் 12.25. லேமினேட் பண்ணி வச்சிடவா?

கோர்ட்வாசல் | 9 டிசம்பர்

பண்ணிடாதீங்க! அது தெர்மல் பேப்பர், சூடு பட்டா மொத்தமும் கறுத்துடும். இப்பவே ரெண்டு பக்கமும் போட்டோ எடுங்க, ஜெராக்ஸ் போடுங்க. ஒரிஜினலைக் காகித உறைக்குள்ள வச்சு வெயில் படாத இடத்துல வைங்க. வாட்ஸ்அப்பை ஸ்க்ரீன்ஷாட் மட்டும் எடுத்துட்டு போனை மாத்திடாதீங்க, அந்த போனே வேணும். சட்டையும் அதே கவர்லயே இருக்கட்டும்.