அமெரிக்கக் கல்லூரி மாணவிகள் மீதான பாலியல் வன்முறை: இனவாரி எண்களை எப்படிப் படிப்பது?

புள்ளிக்கோலம்:
செமினாருக்கு இனவாரி அட்டவணை போடுகிறேன். 1987-இல் வந்த, உளவியலாளர் மேரி காஸ் எடுத்த சர்வேயில் வல்லுறவுக்கு ஆளானோர் வெள்ளையின மாணவிகளில் 16%, கருப்பினத்தில் 10%, ஆசியரில் 7%, அமெரிக்கப் பூர்வகுடியில் 40%. அப்படியே போடலாமா? கருப்பின மாணவிகளுக்கு ஆபத்து குறைவு என்று எழுதினால் நிற்குமா?

தரவுத்தச்சன்:
அந்த 40-ஐத் தனியாக விடாதீர்கள். சர்வேயில் 3,187 பெண்கள். அதில் பூர்வகுடியினர் வெறும் 20 பேர். 40% என்றால் 8 பேர். சிறிய எண்ணிக்கைக்கு ஏற்ற வில்சன் முறையில் 95% நம்பக இடைவெளி (உண்மை விகிதம் இருக்கக்கூடிய எல்லை) போட்டால் 22-இலிருந்து 61 வரை ஓடுகிறது. பக்கத்திலேயே 8/20 என்று எழுதிவிடுங்கள். எண்ணிக்கை போதவில்லை என்று 79 ஆசியரோடு சேர்த்து 'மற்றவர்' ஆக்கினால் இன்னும் மோசம்: 7-உம் 40-உம் கரைந்து சுமார் 14% ஆகி, வெள்ளையினத்தவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அளவைக்காரி:
இரண்டாவது கேள்விக்கு: நிற்காது. மொத்தத்தை விட்டு வகை பிரியுங்கள். ஆய்வாளர் கிரிஸ்டோபர் கிரெப்ஸின் குழு 2 பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களில் ஒரு சர்வே எடுத்தது; பிறகு கருப்பினத்தவருக்கென்று தொடங்கப்பட்ட 4 கல்லூரிகளில் இன்னொன்று. கல்லூரியில் சேர்ந்த பிறகு நடந்த பாலியல் தாக்குதல், முயற்சியோடு நின்றவை நீங்கலாக, முதலாவதில் 13.7%, இரண்டாவதில் 9.7%. பலவந்தம் மட்டும் பார்த்தால் 4.7, 4.8. கிட்டத்தட்ட ஒன்றுதான்! போதையில் சுயநினைவில்லாதபோது நடந்தது 11.1, 6.2. வித்தியாசம் முழுக்க இந்த வரியில்தான், ஏனென்றால் அந்த 4 வளாகங்களில் குடி குறைவு. (இதைக் குடித்தவள் மேல் பழியாகத் திருப்பிவிடாதீர்கள். செய்தவன் செய்தவன்தான்.) இரு வகையையும் கூட்டினால் மொத்தம் வராது, சிலருக்கு இரண்டும் நேர்ந்திருக்கும்.

தரவுத்தச்சன்:
ஒன்று சேர்க்கிறேன். அது வளாகத்துக்கும் வளாகத்துக்குமான ஒப்பீடு. வெள்ளையினத்தவர் பெரும்பான்மையாக உள்ள வளாகத்தில் படிக்கும் கருப்பின மாணவிக்கு 9.7-ஐ ஒட்டவைக்க முடியாது.

புள்ளிக்கோலம்:
காஸ், கிரெப்ஸ் இரண்டையும் ஒரே வரைபடத்தில் வைக்கலாமா?

அளவைக்காரி:
வேண்டாம். காஸ் 14 வயதிலிருந்து கணக்கெடுக்கிறார், கிரெப்ஸ் கல்லூரியில் கால் வைத்ததிலிருந்து. கேள்வியும் வேறு. காஸின் பழைய வினாத்தாளில் மது பற்றிய கேள்வி 'ஓர் ஆண் கொடுத்ததால்' என்ற பொருளில் இருக்கும். தானே குடித்திருந்த பெண் 'இல்லை' என்று டிக் அடித்துப் போய்விடுவாள். 2007 திருத்தத்தில்தான் தடுக்க முடியாத போதையில் இருந்தபோது என்று மாற்றினார்கள். வகை பிரிக்கும்போது முதலில் அடிவாங்குவது இந்தப் போதை வரிதான். எந்த ஆண்டு வினாத்தாள் என்பதை அட்டவணைத் தலைப்பிலேயே போடுங்கள்.