பழைய கமராக் கசற்றுக்கு எந்த எடிற்றிங் மென்பொருள்?

இரணைமடுக்காரன்

நேற்று ஒரு தம்பி எழுதியதை வாசித்ததிலிருந்து வயிறு எரிகிறது. "பழைய வீடியோக் கசற்றை வெட்டி ஒட்ட எந்த மென்பொருளும் சரி, போனில் இருக்கிற ஆப்பே காணும், இதற்குப் போய் மினக்கெடத் தேவையில்லை" என்று எழுதியிருக்கிறார். சனம் அதை நம்பிவிடும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர்க் கமராவின் மினிடிவி (MiniDV, டிஜிற்றல் வீடியோ) கசற்றில் நொடிக்கு 25 படம். ஒவ்வொரு படத்திலும் 576 வரி. அவ்வளவும் ஒரேயடியாகப் பதிவதில்லை. 288 வரி முதலில், மற்ற 288 வரி அடுத்த கணத்தில். ஆக நொடிக்கு 50 பாதிப் படம். இதில் கீழ்ப் பாதிதான் முதல். லோவர் ஃபீல்ட். இதை மாற்றிப் பிடித்தால் என்ன நடக்கும் என்று போன மாதம் கண்ணால் பார்த்தேன். ஒரு சாமத்தியவீட்டு வீடியோ. மாமி ஆலாத்தித் தட்டைச் சுற்றுகிறா. தட்டு முன்னுக்குப் போய், கொஞ்சம் பின்னுக்கு வந்து, திரும்ப முன்னுக்குப் போகிறது. கர்ப்பூரச் சுடர் இரண்டாகத் தெரிகிறது. பிள்ளையின் சேலைக் கரை முழுக்கச் சீப்புப் பல்லு. அந்த மாமி இப்போது இல்லை. அவ அசைகிற மாதிரி அந்தக் குடும்பத்திடம் இருக்கிற ஒரே துண்டு அதுதான்.

ஃபீல்ட் ஓடரை, அதாவது எந்தப் பாதி முதல் என்பதை, மாற்ற விடாத மென்பொருள் கசற்றுக்கு உதவாது. எடியஸில் மாற்றலாம். கேடென்லைவிலும் மாற்றலாம், அது இலவசம். போன் ஆப்பில் எங்கே மாற்றுவது, காட்டட்டும் பார்ப்போம்.

குருமன்காடு

அந்தத் தம்பி நான்தான் அண்ணை. நேரே என்னிடமே கேட்டிருக்கலாம். அம்மம்மாவின் கசற்றை ஏற்றி, கோப்பின் விவரம் காட்டுகிற மீடியாஇன்ஃபோவில் போட்டுப் பார்த்தேன். ரொப் ஃபீல்ட் முதல் என்று காட்டுகிறது. மேல் பாதி. நீங்கள் கீழ் என்கிறீர்கள். மீடியாஇன்ஃபோவை நம்பவா, உங்களை நம்பவா?

இரணைமடுக்காரன்

2002 இல் ஏ9 பாதை திறந்த கையோடு கமரா தூக்கியவன் நான். லக்சபானா மின்சாரம் இல்லாத கிளிநொச்சியில் ஜெனரேற்றர் போட்டுக் கொம்பியூட்டரை ஓட்டியவன். டிவி கசற்றுக்கு லோவர் ஃபீல்ட்தான் முதல். மீடியாஇன்ஃபோ அன்றைக்கு வந்து கமரா பிடிக்கவில்லை.

முறிகண்டி

எனக்கு விண்டோஸ் எக்ஸ்பியில் இருந்த மூவி மேக்கர் நல்லாகத்தான் வேலை செய்தது. வெட்டினேன், பெயர் போட்டேன், முடிந்தது. அது சரி, குருமன்காடு, நீர் எந்த வயரால் கசற்றை ஏற்றினீர்?

குருமன்காடு

மஞ்சள் வயர், யூஎஸ்பி குச்சி. சந்தையில் எல்லோரும் வாங்குகிறதுதான். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இரணைமடுக்காரன்

மஞ்சள் வயரா! கசற்றில் இருப்பது டிஜிற்றல். அதைக் கமரா அனலொக்காக மாற்றி வெளியே விட, அந்தக் குச்சி திரும்பவும் டிஜிற்றலாக்கி, அதையும் நெரித்து எம்பெக் ஆக்குகிறது. ஃபயர்வயர் என்கிற டிஜிற்றல் வயரில் எடுத்தால் கசற்றில் உள்ளது உள்ளபடி இறங்கும். ஒரு மணித்தியாலக் கசற் ஒரு மணித்தியாலம் ஓடும், கிட்டத்தட்ட 13 ஜிபி வரும். அதற்குப் பொறுமை வேண்டும். போனைத் தேய்க்கிற விரலுக்கு அது எங்கே வரப்போகிறது? லோவர் ஃபீல்ட் முதல், தம்பி. எழுதி வையும்.

முறிகண்டி, மூவி மேக்கரை மைக்ரோசொஃப்ட்டே 2017 தையில் கைவிட்டுவிட்டது. அதை இன்னும் தூக்கிப் பிடிக்க வேண்டாம்.

முறிகண்டி

நான் தூக்கிப் பிடிக்கவில்லையே. எனக்கு நல்லாக வேலை செய்தது என்றேன். அதைச் சொல்லவும் உங்களிடம் அனுமதி கேட்க வேண்டுமா?

குருமன்காடு

வயர் எதுவாக இருந்தாலும் என் கோப்பில் ரொப் ஃபீல்ட். அதைத்தான் நான் எடிற் பண்ணுகிறேன், உங்கள் கோப்பை அல்ல. இன்னொன்று. இப்போது யார் பழைய ரிவியில் பார்க்கிறார்கள்? போனிலும் யூடியூபிலும்தான். அங்கே இரண்டு பாதியையும் சேர்த்து டீஇன்ரலேஸ் செய்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். ஷொட்கட் மென்பொருளில் அதற்கென்றே யாடிஃப் இருக்கிறது, ஒரு சொடுக்கு. அதன்பிறகு மேலும் இல்லை, கீழும் இல்லை.

இரணைமடுக்காரன்

இதைத்தான் அரைகுறை என்பது. யாடிஃப் எந்தப் பாதி முதல் என்று தெரிந்துகொண்டுதான் பிரிக்கிறது. பிழையான ஓடரைக் கொடுத்து 50 படமாகப் பிரித்துப் பாரும், ஆலாத்தித் தட்டு முன்னும் பின்னும் நொண்டும். மேலும் இல்லைக் கீழும் இல்லையாம்!

ஸ்காபரோ வன்னியன்

ஏன் இந்தச் சண்டை? டாவின்சி ரிசோல்வ் இலவசமாகக் கிடைக்கிறது. ஹொலிவூட்டிலேயே பாவிக்கிறார்கள். இரண்டு பேரும் அதைப் போடுங்கள்.

குருமன்காடு

அண்ணா, என்னுடையது 4 ஜிபி ரம் லப்ரொப். ரிசோல்வ் திறக்கிற நேரத்துக்குள் நான் வவுனியாவிலிருந்து மாங்குளம் போய் வந்துவிடுவேன். கனடாவிலிருந்து சொல்வது சுகம்.

இரணைமடுக்காரன்

இதில் மட்டும் தம்பியோடு ஒத்துப்போகிறேன். நல்ல கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாமல் ரிசோல்வைத் தொடக்கூடாது. ஆனால் லோவர் ஃபீல்ட் விசயத்தில் தம்பி பிழை.

ஸ்காபரோ வன்னியன்

இரணைமடு அண்ணை, இவ்வளவு நேரமும் யோசித்து இப்போதுதான் ஆளைப் பிடித்தேன். 2004 இல் எங்கள் கலியாணத்துக்குக் கமரா பிடித்தவர் நீங்கள்தானே? மாஸ்ரர் கசற் எங்கே? ஒரு டிவிடியோடு அனுப்பிவிட்டீர்கள். கசற்றில் நொடிக்கு 25 மெகாபிட், டிவிடியில் கூடினால் 9.8. இதையெல்லாம் தெரிந்த மனிசன் எங்களுக்கு மட்டும் ஏன் டிவிடி தந்தீர்கள்? இன்றைக்கு இருபது வருசத்துக்கு மேல். மனிசி இன்னும் கேட்கிறா.

இரணைமடுக்காரன்

மாஸ்ரர் ஸ்ரூடியோவில் இருப்பதுதான் அன்றைய வழக்கம். உங்களுக்கு மட்டும் அல்ல, எல்லோருக்கும் அப்படித்தான். 2006 ஆவணியில் பாதை மூடினபிறகு புதுக் கசற்றுக்கு நான் எங்கே போவது? இருந்த கசற்றில்தான் திரும்பத் திரும்ப எடுத்தோம்.

ஸ்காபரோ வன்னியன்

அப்போ எங்கள் கலியாணத்துக்கு மேலே இன்னொருவரின் கலியாணம். சரி, விளங்கிவிட்டது.

இரணைமடுக்காரன்

அப்படி நான் சொல்லவில்லை. உங்கள் கசற்றை அழிக்கவில்லை. 2008 இல் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது 43 கசற்றைப் பிஸ்கற் ரின்னுக்குள் போட்டு, சொப்பிங் பையால் சுற்றிக் கொண்டுபோனேன். தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு. அதற்கங்கால் கொண்டுபோக முடியாமல் ஒரு வேப்ப மரத்தடியில் தாட்டேன். 2011 இல் போய்க் கிண்டினால் ரின் கறள் பிடித்துக் கிடக்கிறது. ஒன்பது கசற்தான் ஓடுகிற நிலையில். மற்றதெல்லாம் பூஞ்சணம், மணல். ஓடினதிலும் நடுநடுவே கட்டம் கட்டமாக உடைகிறது. அந்த ஒன்பதில் உங்களுடையது இல்லை. அந்த ஒன்பதையும் ஃபயர்வயரில்தான் எடுத்தேன், ஒன்பதும் லோவர் ஃபீல்ட். இப்போதாவது ஒருவர் ரொப் என்று சொல்லட்டும்.

குருமன்காடு

கசற் போனதற்கு எனக்கும் கவலைதான் அண்ணை. எங்கள் வீட்டிலும் மிஞ்சினது அந்த ஒன்றுதான். ஆனால் அதற்காக என் கோப்பில் உள்ளது மாறிவிடாது. ரொப்.

பாலிநகர்

ஒரு சின்னக் கேள்வி. என்னிடம் இருப்பது 2011 இல் வாங்கின சொனி கமரா. கசற் இல்லை, மெமரி கார்ட். எம்டிஎஸ் என்று முடிகிற கோப்புகள். வற்றாப்பளைப் பொங்கலும் அப்பாவின் அறுபதாம் கலியாணமும் அதில் இருக்கிறது. எந்த மென்பொருள் நல்லது?

குருமன்காடு

அக்கா, நன்றி! எம்டிஎஸ் என்றால் ஏவிசிஎச்டி, கார்ட் கமராக்களின் எச்டி வடிவம். பாதி பாதியாகப் பதிகிற 1080ஐ என்றால் அது அப்பர் ஃபீல்ட், அதாவது மேல் பாதி, முதல். இரணைமடு அண்ணை, பார்த்தீர்களா? கமராவும் அப்பர்தான்.

இரணைமடுக்காரன்

தலைப்பில் கசற் என்று போட்டிருக்கிறேன். கார்ட்டைக் கொண்டுவந்து கசற்றுக்குச் சாட்சி வைக்கிறார். தங்கச்சி, உங்கள் கமரா வேறு கதை, இதற்குள் கலக்க வேண்டாம். டிவி கசற்றுக்கு லோவர்.

முறிகண்டி

அவ கேட்டதற்கு யாராவது பதில் சொல்லுங்கோ. பாலிநகர், மூவி மேக்கர் எம்டிஎஸ் எடுக்குமோ தெரியாது, ஷொட்கட் எடுக்கும்.

இரணைமடுக்காரன்

திரும்பவும் மூவி மேக்கர்.

ஸ்காபரோ வன்னியன்

மாஸ்ரர் கசற்றுக்கும் சேர்த்து வாங்கின காசுக்கு என்ன பதில்?

இரணைமடுக்காரன்

காசு வாங்கினது கமரா பிடித்ததற்கும் எடிற்றிங்குக்கும். கசற்றுக்கு அல்ல. பற்றுச்சீட்டு இருந்தால் போடுங்கள்.

ஸ்காபரோ வன்னியன்

2004 பற்றுச்சீட்டை 2009 தாண்டி வைத்திருந்த வன்னிச் சனம் எத்தனை பேர் என்று நினைக்கிறீர்கள்?

இரணைமடுக்காரன்

அதே 2009 தான் என் கசற்றையும் தின்றது.

குருமன்காடு, அம்மம்மாவின் கசற்றைக் கிளிநொச்சிக்குக் கொண்டு வாரும். என்னிடம் ஃபயர்வயர் கார்ட் போட்ட பழைய எக்ஸ்பி மெசின் இன்னும் இருக்கிறது. காசு வேண்டாம். உம்முடைய கண்ணுக்கு முன்னால் ஏற்றி, உம்முடைய மீடியாஇன்ஃபோவிலேயே காட்டுகிறேன், லோவர் என்று.

குருமன்காடு

கசற்றைக் கையை விட்டுக் கொடுக்க மாட்டேன் அண்ணை. மேலே ஸ்காபரோ அண்ணா எழுதினதை நானும் வாசித்தேன்.

பாலிநகர்

ஷொட்கட்டைத் தரவிறக்கினேன். எம்டிஎஸ் திறக்கிறது. அப்பா மாலை போடுகிற இடத்தில் கையில் கோடு கோடாகத் தெரிகிறது. எதை அழுத்த வேண்டும்?

இரணைமடுக்காரன்

கோடு தெரிகிறதா? இதைத்தான் முதல் வரியிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். லோவர் ஃபீல்ட்.

குருமன்காடு

அக்கா, கேட்காதீர்கள். அப்பர்.