பலூனிலிருந்து சுமையைக் கழற்றுவதற்கு என்ன சொல்?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

உயரப் பலூன் வடிவமைப்பு பற்றிய மாணவர் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன்: வானத்தில், பலூனில் தொங்கும் கருவியைக் கழற்றும் செயல். முதலில் ‘விடுவிப்பு’ என்று போட்டிருந்தேன். வகுப்பில் கொடுத்துப் பார்த்தபோது, ‘விடுவிப்புக்கு முன் செய்ய வேண்டியவை’ என்ற பக்கத்தை மாணவர்கள் தரையிலிருந்து பலூனை ஏவுவதற்கான பட்டியல் என்று எடுத்துக்கொண்டார்கள். பிழை அவர்களுடையது இல்லை. பட்டம் விடுகிறோம், பலூன் விடுகிறோம், ராக்கெட் விடுகிறோம். மேலே அனுப்புவதற்கு ஆன சொல்லைக் கீழே இறக்குவதற்கும் வைத்தால் எப்படி?

கூடவே ‘பேலோடு’, அதாவது பலூன் சுமந்து போகும் கருவி. ‘தாங்குசுமை’ என்று எழுதியிருக்கிறேன். மறுப்பு உண்டா?

* * *

அம்மா, ‘விடு’ பற்றி நீங்கள் சொன்னது சரி. ‘உதிர்ப்பு’ என்று வையுங்கள். மரம் இலையை உதிர்க்கிறது. மரம் நிற்கிறது, இலை இறங்குகிறது. இதில் இன்னொரு வசதியும் உண்டு. உதிர்தல் தன்வினை, உதிர்த்தல் பிறவினை. முடிச்சு தளர்ந்து கருவி தானாக விழுந்தால் உதிர்வு. நாம் ஆணை கொடுத்து விழச் செய்தால் உதிர்ப்பு. விபத்துக்கும் செயலுக்கும் ஒரே வேரில் இரண்டு சொல் கிடைக்கிறது.

அரும்பு, போது, மலர், வீ என்று பூவுக்குப் பருவந்தோறும் பெயர் வைத்தவர்கள் நாம். உதிர்ந்த பூ ‘வீ’. அப்படியானால் கழன்று விழும் கருவிக்கு ‘வீகலம்’ என்றே பெயர் வைக்கலாம். அது தொங்கும் நூல் ‘காம்பு’. பலூனுக்கும் நான் தேடவில்லை: புறநானூற்று 27ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் ‘வலவன் ஏவா வான ஊர்தி’ என்கிறார். ஓட்டுபவன் இல்லாமல் காற்றோடு போவதற்கு இதைவிடப் பொருத்தமான தொடர் எது?

* * *

ஐயா, வணக்கம். நான் பலூன் கட்டுகிறவன், இலக்கணத்தில் உங்கள் அளவுக்குப் பயிற்சி இல்லை. ‘உதிர்ப்பு’ எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அக்கா கேட்ட இடத்தில் இரண்டு வேலைகள் கலந்திருக்கின்றன.

ஒன்று, வழியிலேயே ஒரு கருவியை மட்டும் கழற்றிவிட்டு மீதி தொடர்ந்து மேலே போவது. இன்னொன்று, பலூனுக்கும் பாராசூட்டுக்கும் நடுவே உள்ள நூலை அறுத்து எல்லாவற்றையும் கீழே கொண்டுவருவது. இரண்டாவதை நாங்கள் ‘கட்டவுன்’ என்கிறோம். இரண்டுக்கும் கணக்கே வேறு. மொத்தப் பளுவைத் தூக்கியது போக 800 கிராம் மிகை ஏற்றத்தோடு ஒரு ரப்பர் பலூன் விநாடிக்கு 5 மீட்டர் ஏறுகிறது என்று வையுங்கள். அரைக் கிலோ கருவியை உதிர்த்தால் மிகை ஏற்றம் 1300 கிராம் ஆகும், வேகம் 6 மீட்டரைத் தாண்டும். இதைக் கணக்கில் சேர்க்காவிட்டால், மீதிக் கருவிகள் எங்கே இறங்கும் என்ற கணிப்பு முழுவதும் தப்பு. நூலை அறுத்தால் ஏறும் வேகம் பற்றிய கேள்வியே எழாது, ஏனென்றால் பயணம் அத்தோடு முடிந்தது.

மூன்றாவதாக வெடிப்பு. தரையில் 2 மீட்டர் குறுக்களவு உள்ள ரப்பர் பலூன், 30 கிலோமீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகிவிடுவதால், 8 மீட்டர் வரை விரிந்து கிழியும். அதற்கு யாரும் ஆணை இடுவதில்லை. அடிப்பக்கம் திறந்த பாலித்தீன் பலூன் அப்படி வெடிக்காது. மிகுந்த வாயு அடிவழியே வெளியேறிவிடும், பலூன் அதே உயரத்தில் மிதந்துகொண்டிருக்கும். அதைக் குறித்த இடத்தில் இறக்க வேண்டுமானால் நாம்தான் அறுக்க வேண்டும்.

அறுப்பது எப்படி என்றால், நைலான் நூலில் நைக்ரோம் கம்பியை நாலைந்து சுற்றுச் சுற்றி மின்சாரம் செலுத்துவோம். கம்பி பழுக்கும், நூல் உருகி அறும். ஆனால் நூல் விறைப்பாக இருக்க வேண்டும். ஒருமுறை மேசைமேல் தொய்வாக வைத்துச் சோதித்தேன். உருகிய முனைகள் மறுபடி ஒட்டிக்கொண்டன. மேலே பூஜ்யத்துக்குக் கீழ் 50 பாகையையும் தாண்டிப் போகும் குளிர், அதனால் பேட்டரியை நுரைப்பெட்டிக்கு உள்ளே வைப்போம். அந்தக் குளிரில் பேட்டரி சோர்ந்துபோனால் கம்பி பழுக்காது.

எங்களுக்குக் ‘கட்டவுன்’ போதும். மாணவர்கள் நாளைக்கு எங்களோடு வேலை செய்யும்போது காதில் விழப்போவதும் அதுதான்.

* * *

தம்பி சொன்ன கடைசி வரியை நான் ஏற்கவில்லை. 1797இல் பாரிசில் கார்னெரின் பலூனுக்கும் தன் பாராசூட்டுக்கும் இடையிலிருந்த கயிற்றைத் தானே அறுத்துவிட்டு இறங்கினார். அதைத் தமிழில் சொல்ல ‘அறுத்தார்’ என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. ‘நூலறுப்பு’ என்றால் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும். பிறகு எதற்குக் கட்டவுன்?

பலூன் என்பதும் வேண்டாம், ‘புகைக்கூண்டு’ என்ற பழைய சொல் இருக்கிறது. ஹீலியத்துக்கு ‘எல்லியம்’. எல் என்றால் கதிரவன். கிரேக்கரின் ஹீலியோசும் நம் ‘எல்’லில் பிறந்ததே.

* * *

இதற்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன். ஹீலியோஸ் என்பது வடமொழி ஸ்வர், சூரிய என்பவற்றோடு ஒரே வேரைச் சேர்ந்தது. தொடக்கத்தில் இருந்த சகரம் கிரேக்கத்தில் ஹகரமானது. ‘எல்’லுக்கும் அதற்கும் உறவில்லை. எல்லியம் நல்ல ஆக்கம்தான், பிறப்புக் கதை இல்லாமலேயே நிற்கும். புகைக்கூண்டு நிற்காது. ஹீலியம் பலூனில் புகையும் இல்லை, கூண்டும் இல்லை.

‘தாங்குசுமை’க்கு எனக்கு மறுப்பு உண்டு. வினைத்தொகை அழகாக இருக்கிறது. ஆனால் பலூன் தாங்குவது கருவியை மட்டுமா? பாராசூட், நூல், மணல்பை எல்லாமே தாங்குசுமைதான். ஏற்றவிசைக் கணக்கில் மாணவர் எதைக் கூட்டுவார்? மொத்தத்துக்குத் தாங்குசுமை, கருவிக்குப் ‘பயன்சுமை’ என்று பிரியுங்கள்.

* * *

பயன்சுமை என்றால் புணர்ச்சி எங்கே? பொன் + குடம் பொற்குடம். ‘ணன வல்லினம் வரட் டறவும்’ என்ற நன்னூல் விதிப்படி இது பயற்சுமை ஆக வேண்டும்.

* * *

ஐயா, பயற்சுமை என்று அச்சிட்டால் பயறு மூட்டை என்று படிப்பார்கள். பயன்பாடு என்று எழுதுகிறோம், மின்கலம் என்று எழுதுகிறோம். யாரும் மிற்கலம் என்பதில்லை. பொருள் மறையும் இடத்தில் இயல்பாகவே விட்டுவிடலாம்.

* * *

எல்லோருக்கும் நன்றி. நேரம் முடிந்துவிட்டதால், பெரும்பாலோர் ஒத்துக்கொண்டபடி கையேட்டில் இப்படிப் போகிறது: கருவியை மட்டும் கழற்றினால் உதிர்ப்பு, பயணத்தை முடித்தால் நூலறுப்பு, பலூன் தானாகக் கிழிந்தால் வெடிப்பு. மொத்தம் தாங்குசுமை, கருவி பயன்சுமை. பலூன், ஹீலியம், பாராசூட் அப்படியே இருக்கும். நூலறுப்பு முதலில் வரும் பக்கத்தில் ‘களத்தில் கட்டவுன் என்பார்கள்’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். ‘வீகலம்’ என் மனதைவிட்டுப் போகவில்லை ஐயா, ஆனால் அதை விளக்க அரைப் பக்கம் வேண்டும்.

* * *

புகைக்கூண்டு பற்றிய வாதத்தை ஏற்கிறேன். பலூனை அப்படியே வைத்ததை ஏற்கவில்லை. என் மறுப்பு பதிவில் இருக்கட்டும்.

* * *

அக்கா, நேற்று புதுப் பெட்டி ஒன்று செய்தோம். பொத்தானுக்குப் பக்கத்தில் நூலறுப்பு என்று எழுத இடமில்லை, ‘அறு’ என்று மட்டும் எழுதினேன். பையன்களுக்கு உடனே புரிந்தது.

* * *

தம்பி, மகிழ்ச்சி. ஆனால் ‘அறு’ என்ற ஏவல் தன்வினைக்கும் பிறவினைக்கும் பொது. நூலைப் பார்த்து ‘நீ அறு’ என்பதா, கம்பியைப் பார்த்து ‘அதை அறு’ என்பதா? ‘அறுத்துவிடு’ என்று எழுதினால் ஐயம் தீரும்.

* * *

ஐயா, அப்படி எழுதினால் ‘விடு’ திரும்ப வந்துவிடுகிறதே.