எதிர்சேவையன்று எங்கள் தெருவின் முதல் நீர்மோர்ப் பந்தல்: என்ன கொடுப்பது, என்ன வாசிப்பது?

கேட்டவர்: கோவையிலிருந்து வந்தவன்

வணக்கம். பணிமாற்றலில் கோவையிலிருந்து மதுரைக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. புதூருக்கும் மூன்றுமாவடிக்கும் இடையில், அழகர்கோயில் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் குடியிருக்கிறோம். வந்த ஆண்டில், அழகர்மலையிலிருந்து வரும் கள்ளழகரை ஊரார் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையன்று, சித்திரை மாதத்து விடியற்காலையில் உறுமிச் சத்தம் கேட்டு விழித்து, மகளைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினேன். முன்பின் அறியாத ஓர் அம்மா அவள் கையில் ஒரு தம்ளர் பானகத்தைக் கொடுத்து, "வெறும் வயிற்றோடு நிற்காதே பாப்பா" என்று சொல்லிவிட்டு, எங்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல் அடுத்தவருக்கு ஊற்றப் போய்விட்டார். மூன்று ஆண்டுகளாக வாங்கிக் குடித்தாயிற்று, இந்த ஆண்டு நாமும் கொடுக்க வேண்டும் என்று தெருவில் பேச்சு எழுந்து, இப்போது பதினான்கு வீடுகள் சேர்ந்திருக்கின்றன.

சேர்ந்த அன்றே கருத்து வேறுபாடும் சேர்ந்துவிட்டது. தக்காளிச் சோறு, தயிர்ச் சோறு, கேசரி என்று பெரிதாகச் செய்தால்தான் மண்டகப்படி வைத்ததாக ஆகும் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். பானகமும் நீர்மோரும் போதும் என்பது மறுசாரார் கட்சி. இசை விஷயத்திலும் அப்படியே: பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகளை அடுக்கித் திரைப்பாட்டுப் போட வேண்டும் என்று இளைஞர்களும், நாதசுரம் வைக்க வேண்டும் என்று பெரியவர்களும் நிற்கிறார்கள். சுமார் ஆயிரம் பேருக்கு ஏற்பாடு செய்ய நினைக்கிறோம். அனுபவம் உள்ளவர்கள் அளவு முதற்கொண்டு சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: தல்லாகுளத்தான்

ஐயா, முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம். நீங்கள் வைக்கப்போவது மண்டகப்படி அல்ல, தண்ணீர்ப் பந்தல். மண்டகப்படி என்பது சாமி வந்து இறங்கி எழுந்தருளும் இடம். அது கோயில் கணக்கில் பதிவான உரிமை, பெரும்பாலும் பரம்பரையாக வருவது. அழகர் மலையிலிருந்து இறங்கி மதுரைக்கு வந்து திரும்பும் வழியில் 400க்கும் மேற்பட்ட மண்டபங்களில் எழுந்தருளுகிறார் என்றால், அவர் ஏன் ஊர்ந்து வருகிறார் என்பது விளங்கும். உங்கள் வாசலில் பல்லக்கு நிற்காது. நிற்கும் என்று எதிர்பார்த்து, நிற்கவில்லையே என்று பல்லக்கைச் சுமக்கும் சீர்பாதம் தாங்கிகளிடம் சண்டைக்குப் போன ஒரு புதுக்குடியிருப்பை நான் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தம் உங்களுக்கு வேண்டாம்.

தண்ணீர்ப் பந்தலுக்கு அப்படி எந்த உரிமையும் தேவையில்லை. அது சாமிக்கு வைப்பதன்று, சாமியோடு நடந்து வருகிறவர்களுக்கு வைப்பது. அழகர்கோயில் ஊரிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். முந்தைய நாள் மாலை புறப்படும் அழகரோடு பொய்கைக்கரைப்பட்டி, கள்ளந்திரி, அப்பன்திருப்பதி என்று இரவு முழுவதும் நடந்து, விடிகிற நேரத்தில் மூன்றுமாவடியை அடைகிறவர்கள்தாம் உங்கள் விருந்தாளிகள். அவர்களுக்குச் சாப்பாட்டைவிட நாக்கு நனைவதுதான் முதல் தேவை.

வரலாறும் ஒரு வரி தெரிந்திருந்தால் நல்லது. சோழவந்தான் பக்கம் தேனூரில் நடந்துவந்த அழகர் ஆற்றில் இறங்கும் விழாவை மதுரைக்கு மாற்றி, மாசியில் நடந்த மீனாட்சி திருக்கல்யாணத்தையும் சித்திரைக்குக் கொண்டுவந்து இரண்டையும் இணைத்தவர் திருமலை நாயக்கர் (ஆட்சிக் காலம் 1623–1659) என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. அறுவடை முடிந்து கையில் வேலையில்லாத சித்திரையில் கிராமங்களை ஊருக்குள் வரவழைத்த ஏற்பாடு இது. சைவக் கோயில் திருமணத்துக்கு வைணவச் சாமி தாமதமாக வந்து சேர்ந்தார் என்ற கதையெல்லாம் பிறகு மக்கள் கட்டிக்கொண்டது. கதை என்னவோ அழகாகத்தான் இருக்கிறது.

சோறு வேண்டாம் என்பதே என் கருத்து. நடந்து வருகிறவர் கையில் இலைத்தட்டைக் கொடுத்தால் அவர் எங்கே உட்காருவார்? அந்தச் சாலையில் அன்று கால் வைக்கவே இடம் இருக்காது. விருந்து வேண்டுமென்றால் அதற்கு முன்னதாகத் திருக்கல்யாணத்தன்று சேதுபதி பள்ளியில் நடப்பதைப் போய்ப் பாருங்கள்: கல்யாண வீட்டைப் போலவே உட்கார்ந்து சாப்பிட்டு, மொய் எழுதிவிட்டு வருகிறார்கள்.

பதில் 2: செல்லூர் மருமகள்

தல்லாகுளத்து அண்ணன் சொன்னதை ஒப்புக்கொண்டு, அடுக்களைக் கணக்கைச் சொல்கிறேன். எங்கள் மாமியார் காலத்திலிருந்து ஆற்றுக்குப் போகும் வழியில் பந்தல் வைக்கிறோம். கல்யாணமாகி வந்த முதல் சித்திரையிலிருந்து பானக அண்டா என் பொறுப்பு.

ஒரு தம்ளர் 150 மில்லி என்று வைத்துக்கொண்டால் ஆயிரம் பேருக்கு 150 லிட்டர் வரும். ஒரு கிலோ வெல்லத்துக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் என்பது எங்கள் அளவு. ஆக 30 கிலோ வெல்லம். வெளுத்த வெல்லத்தை வாங்காதீர்கள், நிறம் மங்கிய உருண்டை வெல்லமே மணம் தரும். முந்தைய இரவே நுணுக்கி ஊறவைத்து, கரைந்ததும் வெள்ளைத் துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். அடியில் தங்கும் மண்ணைப் பார்த்தால்தான் ஏன் இரண்டு முறை என்று தெரியும். சுக்கு 200 கிராம், ஏலக்காய் 75 கிராம். எலுமிச்சை நூறு பழத்தில் தொடங்கி, குடித்துப் பார்த்துக் கூட்டுங்கள். பச்சைக் கர்ப்பூரம் ஒரு குடத்துக்குக் கடுகளவு போதும். கை தாராளமாகப் போன ஓராண்டு, எங்கள் பானகம் குடித்தவர்கள் எல்லாரும் தீர்த்தம் என்று நினைத்துத் தலையில் தெளித்துக்கொண்டு போனார்கள்!

நீர்மோருக்கு ஒரு லிட்டர் தயிருக்கு நான்கு லிட்டர் தண்ணீர். இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி எல்லாவற்றையும் தட்டிப் பிழிந்த சாறாகச் சேர்த்தால் தம்ளரில் சக்கை தங்காது. எல்லாத் தயிரையும் ஒரே நேரத்தில் கரைத்துவிடாதீர்கள். நாங்கள் ஒருமுறை விடியற்காலையில் மொத்தத்தையும் கரைத்து உப்பும் போட்டுவிட்டு, பத்து மணிக்குப் புளித்துப்போனதை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம். தயிரைக் குளிரில் வைத்து, அண்டா காலியாகக் காலியாகக் கரைப்பதுதான் முறை. புளிப்புள்ள எதையும் ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் வைக்கக் கூடாது, களிம்பேறிவிடும், எவர்சில்வரே பாதுகாப்பு. ஐஸ் வாங்கும்போது, மீனுக்குப் போடும் பாளமா, குடிக்க ஏற்ற தண்ணீரில் உறையவைத்ததா என்று கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு மண்பானையே போதுமாக இருக்கிறது.

ஜிகர்தண்டா கொடுக்கலாமே என்று இளைஞர்கள் கட்டாயம் கேட்பார்கள். சுண்டக் காய்ச்சிய பால், ஊறிய பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம் என்று அது விளக்குத்தூண் பக்கம் நின்று, கரண்டியால் கிளறிக் கிளறிச் சாப்பிட வேண்டிய பண்டம். வெயிலில் ஆயிரம் பேருக்கு அந்தப் பாலைக் காப்பாற்ற முடியாது. அதற்குப் பதில் வெள்ளரிப் பிஞ்சைக் கீறி மிளகாய்த்தூள் தூவிக் கொடுங்கள், குழந்தைகளுக்குப் பனையோலை விசிறி கொடுங்கள். விசிறிக்குத்தான் எங்கள் பந்தலில் போட்டியே.

பதில் 3: வர்ணிப்புப் பித்தன்

இசையைப் பற்றி யாரும் பேசாததால் நான் வருகிறேன். ஒலிபெருக்கிப் பெட்டியா நாதசுரமா என்று நீங்கள் கேட்கிறீர்கள். இரண்டும் இல்லாத மூன்றாவது ஒன்று இந்த ஊரிலேயே இருக்கிறது, அதற்குப் பெயர் வர்ணிப்பு. அழகர் மலையை விட்டுப் புறப்படுவதையும், கோயிலின் காவல் தெய்வமான பதினெட்டாம்படிக் கருப்பனிடம் விடைபெறுவதையும், வழிநெடுக அவர் காண்பதையும், தல்லாகுளத்தில் ஆண்டாள் மாலையை ஏற்றுத் தங்கக் குதிரையில் வைகைக்கு வருவதையும் தனிக்குரலில் நீட்டிப் பாடுவது அது. வரிக்கு வரி குரல் உச்சிக்கு ஏறி, மூச்சு தீரும் இடத்தில்தான் இறங்கும். சுற்றி நிற்கிறவர்கள் "கோவிந்தா" என்று சொல்கிற அந்த ஒரு நொடிதான் பாடுகிறவருக்கு ஓய்வு. மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் இன்றும் வர்ணிப்பாளர்கள் இருக்கிறார்கள். பலர் பகலில் கொத்துவேலைக்கும் சுமை தூக்கவும் போகிறவர்கள். அழைப்பதென்றால் தொலைபேசியில் விலை கேட்காதீர்கள், நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்லுங்கள், சன்மானத்தைப் பாட்டு முடிந்ததும் தட்டில் வைத்துக் கொடுங்கள்.

என் அப்பா கைபிடித்து அழைத்துப்போன ஓர் எதிர்சேவை நினைவில் இருக்கிறது. சல்லடம் கட்டி, உருமால் அணிந்து, தண்ணீர் பீய்ச்சும் ஆட்டுத்தோல் துருத்தியைத் தோளில் போட்டிருந்த ஒரு பெரியவர், ஒரு பந்தலில் மோர் வாங்கிக் குடித்தார். குடித்த தம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நன்றி என்று எதுவும் சொல்லாமல், அந்த இடத்திலேயே நின்று கண்ணை மூடிக்கொண்டு நான்கு வரி வர்ணித்தார். ஊற்றிக்கொண்டிருந்தவர்களின் கரண்டி நின்றுவிட்டது. பக்கத்தில் ஒரு பெரிய பெட்டியில் திரைப்பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் அவர் பாடியிருக்க மாட்டார், பாடியிருந்தாலும் எங்களுக்குக் கேட்டிருக்காது. நீங்கள் யாரையும் அழைக்காவிட்டாலும் பரவாயில்லை, வருகிறவர் பாட இடம் கொடுங்கள். பெட்டி வேண்டாம் என்று நான் சொல்வது அதற்காகத்தான்.

திரைப்பாட்டின்மேல் எனக்குக் கோபம் கிடையாது. அடுத்த சில வாரங்கள் பொருட்காட்சியில் டெல்லி அப்பளத்தைக் கடித்துக்கொண்டு வேண்டிய அளவு கேட்கலாம்.

பதில் 4: ஓய்வுபெற்ற எழுத்தர்

நடைமுறை பற்றிச் சுருக்கமாக. சித்திரைத் திருவிழாவில் அன்னதானமும் நீர்மோரும் வழங்குகிறவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் முன்கூட்டிப் பதிவு செய்ய வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் கேட்டுவருகிறது. கடைசி வாரம் வரை காத்திருக்க வேண்டாம். ஒலிபெருக்கிக்குக் காவல் துறையின் அனுமதி வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அதற்குத் தடை. அழகர் உங்கள் பக்கம் வருவதே விடிகிற நேரம் என்பதால், உங்கள் இளைஞர்களோடு வாதாடும் வேலையைச் சட்டமே பாதி முடித்துவிடுகிறது.

பந்தலைச் சாலையை மறித்துப் போடாதீர்கள். தெருவுக்குள் நான்கு அடி தள்ளி, ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும்படி போடுங்கள். 2022இல் ஆற்றில் இறங்கும் நாளின் நெரிசலில் இருவர் இறந்ததை ஊர் மறக்கவில்லை. தண்ணீர் பீய்ச்ச யாராவது விசைப்பம்பு கொண்டுவந்தால் தடுத்துவிடுங்கள், தோல் துருத்திக்கு மட்டுமே இடம்.

கேட்டவர் மீண்டும்: கோவையிலிருந்து வந்தவன்

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு மொட்டைமாடியில் கூடி எல்லாப் பதில்களையும் சத்தமாக வாசித்தோம். சோறு இல்லை என்று முடிவாகிவிட்டது. பெட்டி விஷயத்தில் இளைஞர்கள் இறங்கி வந்தார்கள், ஆனால் அண்டா பக்கம் நிற்பதும் தம்ளர் கழுவுவதும் தங்கள் பொறுப்பு என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் இறங்கினார்கள். காகிதக் கோப்பை வேண்டாம் என்றவர்களும் அவர்களே. இருநூறு தம்ளர், மூன்று வாளி, ஒரு வாளியில் வெந்நீர் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். வர்ணிப்பாளர் ஒருவர் ஒத்தக்கடைப் பக்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுப் பெரியவரோடு வெற்றிலை வாங்கிக்கொண்டு போகிறேன்.

செல்லூர் அம்மாவுக்கு ஒரு கேள்வி மட்டும் மீதி இருக்கிறது. எதிர்சேவையன்று வருகிறவர்கள் சொம்பில் சர்க்கரை நிரப்பி, வாழை இலையால் மூடி, மேலே சூடம் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள் அல்லவா? சூடம் அணைந்தபின் அந்தச் சர்க்கரையைப் பந்தலில் நீட்டினால் வாங்கிக்கொள்ளலாமா, அண்டாவில் கலக்கலாமா?

செல்லூர் மருமகள்

தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். அண்டாவில் மட்டும் கலக்காதீர்கள், சூடக் கரி விழுந்திருக்கும். ஒரு தட்டில் கொட்டி வைத்தால் உங்கள் மகளே பார்த்துக்கொள்வாள்.