மார்க்கஸ் ஸ்டீபனின்ர 7 தங்கமும் எங்கட பெடியனின்ர ஸ்னெச்சும்

கோண்டாவில்காரன்:
வணக்கம். நவுறு நாட்டு மார்க்கஸ் ஸ்டீபன் பொதுநலவாய விளையாட்டில பளுதூக்கலில 7 தங்கம், 5 வெள்ளி எடுத்தவர் எண்டு எல்லா இடமும் கிடக்கு. பப்புவா நியூகினியின்ர ஸ்டீவன் காரி 2014, 2018 ரெண்டு முறையும் 94 கிலோ பிரிவில வென்றும் 2 தங்கந்தான். ஏறத்தாழ பத்தாயிரம் சனம் உள்ள தீவுக்கு 7 எப்பிடி வந்தது?

மற்றது, கழகத்தில ஒரு பெடியன் இருக்கிறான். வயது 16, உடல் எடை 62.5. ஸ்னெச் (ஒரே இழுப்பில தலைக்கு மேல தூக்கிறது) 80 கிலோ, கிளீன் அன்ட் ஜேர்க் (தோளுக்கு எடுத்துப் பிறகு தலைக்கு மேல தள்ளுறது, சுருக்கமா ஜேர்க்) 110. ஸ்டீபனும் ஜேர்க்கிலதான் உலக வெள்ளி எடுத்தவர், அதால ஸ்னெச்சை விட்டிட்டு ஜேர்க்கை ஏத்துவம் எண்டு சிலர் சொல்லுகினம். மாவட்டப் போட்டிக்கு உடல் எடையை 60 கிலோ பிரிவுக்கு இறக்கச் சொல்லியும் ஒரு கதை. என்ன செய்யலாம்?

பளுக்கோல்:
முதல் கேள்விக்கு விடை எண்ணுற முறையில இருக்கு. 1990 தொடக்கம் 2002 வரைக்கும் பொதுநலவாயப் போட்டியில ஸ்னெச்சுக்கு ஒண்டு, கிளீன் அன்ட் ஜேர்க்குக்கு ஒண்டு, மொத்தத்துக்கு ஒண்டு எண்டு ஒரே பிரிவில மூண்டு பதக்கம். 2006 மெல்பேர்னில இருந்து மொத்தத்துக்கு மட்டுந்தான். ஸ்டீபன் 1990இல ஒரு தங்கம் ரெண்டு வெள்ளி, 1994இலயும் 1998இலயும் மும்மூண்டு தங்கம், 2002இல மூண்டு வெள்ளி. போட்டியாப் பாத்தா முழு வெற்றி ரெண்டுதான். காரியும் ரெண்டு தரம் வென்றவர். எங்கட நாட்டுச் சிந்தன விதானகே 2006இல 62 கிலோவில வென்றது ஒரே தங்கமா எழுதப்பட்டதும் இதாலதான். இதைச் சொல்லுறது ஸ்டீபனைக் குறைக்க இல்லை. பதக்கப் பட்டியலை அப்பிடியே ஒப்பிடக் கூடாது எண்டதுக்குத்தான்.

அவரின்ர பெரிய வேலை 1999 ஏதென்ஸ் உலகப் போட்டி. 62 கிலோ பிரிவில 172.5 ஜேர்க் செய்து அந்தத் தூக்கலுக்கு வெள்ளி. பிரிவு எடையின்ர 2.78 மடங்கு! உலகப் போட்டியில ஒவ்வொரு தூக்கலுக்கும் பதக்கம் இருக்கு, ஒலிம்பிக்கில மொத்தத்துக்கு மட்டும். ஒரு தூக்கலில பலசாலியா இருக்கிறவர் உலகப் போட்டியில மேடை ஏறலாம், ஒலிம்பிக்கில ஏறேலாது.

"ஜேர்க்காரர்" எண்டு சொல்லுற ஆக்களுக்கு ஒண்டு: 1990 ஓக்லாந்தில அவரின்ர முதல் தங்கம் ஸ்னெச்சுக்குக் கிடைச்சது.

சுண்டுக்குளி மேடை:
மேல சொன்னதோட சேத்து ஒண்டு. 1992 பார்சலோனாவில ஸ்டீபன் தூக்கினது சமோவாவுக்காக. நவுறுவுக்கு அப்ப ஒலிம்பிக் குழு அங்கீகாரம் இல்லை, 1994இலதான் கிடைச்சது. 1996, 2000 ரெண்டும் சொந்தக் கொடியில. பிறகு 2007 கடைசி தொடக்கம் 2011 வரைக்கும் நாட்டு சனாதிபதி. மெல்பேர்னில பயிற்றுநர் போல் கோஃபாவிட்டப் பழகினவர். அதே கோஃபா பிறகு பீஜி, சமோவா, நியூ கலிடோனியா எண்டு இடம் மாத்தி நடத்தின பயிற்சி நிலையத்தில தீவுப் பிள்ளையள் ஒண்டாத் தங்கிப் பழகினவை. தீவுக்காரருக்குத் தூக்குற உடம்பு பிறப்பிலயே இருக்கு எண்டுற கதையை விட இதுதான் காரணம் எண்டு நான் நினைக்கிறன்.

இரும்புக்கடை:
பெடியனுக்கு வருவம். 80ஐ 110ஆல பிரிச்சா 73 வீதம். சாதாரணமா 80–83 இருக்கோணும், அதாவது 110க்கு 88–91 ஸ்னெச் வரோணும். இப்ப ஜேர்க்கை ஏத்துறது மொத்தத்தைக் கூட்டுற மெதுவான வழி. ஸ்னெச்சில 8 கிலோ சும்மா கிடக்கு.

எங்க கிடக்கு எண்டு பாக்க ரெண்டு அளவு எடுங்கோ. ஸ்னெச் பிடியில ஓவர்ஹெட் ஸ்குவாட் (பாரைத் தலைக்கு மேல பிடிச்சபடி குந்தி எழும்புறது) அதிகபட்சம் எவ்வளவு, முழுக்க இருக்காமல் செய்யிற பவர் ஸ்னெச் எவ்வளவு. ஓவர்ஹெட் ஸ்குவாட் 95க்குக் குறைஞ்சா தோள், கணுக்கால், சமநிலைப் பிரச்சினை. பவர் ஸ்னெச் பொதுவா ஸ்னெச்சின்ர 80–85 வீதம். உங்கட பெடியன் 74, 75 பவரா எடுக்கிறான் எண்டா இழுக்கிற பலம் காணும், பாருக்குக் கீழ போகப் பயப்பிடுறான்.

பயப்பிடுறவனுக்கு: நிண்ட நிலையில இருந்து டோல் ஸ்னெச் (முழங்காலை வளைக்காமல் நிண்டபடியே பாருக்குக் கீழ போறது), 20–30 கிலோ, 4 செட் 3 தரம். பிறகு ஸ்னெச் பலன்ஸ் (பாரைத் தோளில வைச்சுக்கொண்டு கீழ போய்த் தலைக்கு மேல பிடிக்கிறது) 60இல இருந்து 80 வரைக்கும். கிழமைக்கு மூண்டு நாள், வேற எதுவும் தொடங்க முதல்.

இல்லை, பார் முன்னுக்குப் போய் விழுகுது எண்டா, போனை இடுப்பு உயரத்தில வைச்சு மூண்டு மீற்றர் தள்ளிப் பக்கத்தில இருந்து படம் பிடியுங்கோ. எடுத்து முடிய பாதம் தொடங்கின கோட்டுக்கு முன்னுக்கு விழுகுதெண்டா, முழங்கால் தாண்டினவுடனே தோள் பின்னுக்குப் போயிட்டுது, இல்லாட்டி முழங்கை முந்தி மடிஞ்சிட்டுது. முழங்காலுக்குச் சற்றுக் கீழ ரெண்டு செக்கன் நிறுத்தி, 60–65இல 5 செட் 2 தரம். நிக்கேக்க தோள் பாருக்கு முன்னால, பாரம் நடுப்பாதத்தில இருக்கோணும்.

முதல்ல பாரைப் பாருங்கோ. ஆண்கள் பார் 20 கிலோ, பிடி 28 மில்லிமீற்றர். சாதாரண ஜிம் பார் 30க்கு மேல, 16 வயதுக் கைக்கு ஹுக் பிடி (பெருவிரலை மற்ற விரலுகளால மூடிப் பிடிக்கிறது) இறுகாது. பிளேட் போடுற நுனிக் குழாய் சுத்துதோ எண்டு வெறுங்கையால உருட்டிப் பாருங்கோ. எங்கட உப்புக் காத்துக்கு உள்ளுக்குத் துரு ஏறி இறுகிப் போகும், பிறகு திருப்பேக்க மணிக்கட்டுத்தான் முழுப் பாரத்தையும் சுத்தோணும். வளையத்தைக் கழட்டி, மண்ணெண்ணெயால துடைச்சு, தையல் மெசின் எண்ணெய் ரெண்டு சொட்டு. அடுத்தது பிளேட். பெரிய பிளேட்டின்ர விட்டம் 45 சென்ரிமீற்றர், அப்பத்தான் பாரின்ர நடு நிலத்தில இருந்து 22.5இல இருக்கும். சின்ன இரும்பு பிளேட்டில பழக்கினா அவன் ஒவ்வொரு நாளும் போட்டியில இல்லாத ஒரு நிலையில இருந்து தூக்கிப் பழகுறான். பலகை வைச்சு 22.5க்கு உயர்த்துங்கோ.

பளுக்கோல்:
எடையைப் பற்றி. 2025 ஜூனுக்குப் பிறகு ஆண்களின்ர எடைப் பிரிவு 60, 65 எண்டு போகுது. வளர்ற பிள்ளைக்கு 2.5 கிலோ, அதாவது 4 வீதம் இறக்கினா முதல் போறது ஸ்னெச்தான். எடை பாக்கிறதுக்கும் போட்டிக்கும் இடையில ரெண்டு மணித்தியாலமே, தண்ணி திரும்பக் காணாது. 65இல விடுங்கோ, சாப்பிட்டு நிரம்பட்டும். நாளுக்கு 110–120 கிராம் புரதம். நாலு முட்டையும் 200 கிராம் மீனும் பாதிக்கு மேல தந்திடும், மிச்சம் பருப்பு, கடலை, பால். ஸ்டீபன் 60, 59, 62 எண்டு மாறினது உடம்பை ஏத்தி இறக்கி இல்லை. 1993இலயும் 1998இலயும் சர்வதேசப் பளுதூக்கல் சம்மேளனம் பிரிவுகளையே மாத்தினது.

இரும்புக்கடை:
65 எண்டதில எனக்கும் உடன்பாடு. ஆனா பதக்கம் வேணுமெண்டு 60க்கு ஆரும் வற்புறுத்தினா, அவையள் முதல் முயற்சித் தெரிவைத் திருத்தட்டும், ஒரு கிலோவிலயும் பதக்கம் போகும். 2008 பெய்ஜிங்கில சமோவாவின்ர எலே ஒப்பலோஜ் 269 தூக்கி நாலாம் இடம். மூண்டாம் ஆள் 270. ஒரு கிலோ. முன்னுக்கிருந்த ரெண்டு பேர் ஊக்கமருந்து மறுபரிசோதனையில பிடிபட்டு, 2016இலதான் வெள்ளி அவவுக்கு வந்தது, சமோவாவின்ர முதல் ஒலிம்பிக் பதக்கம்.

கோண்டாவில்காரன்:
நன்றி. இண்டைக்கு அளந்தம். ஓவர்ஹெட் ஸ்குவாட் 100, பவர் ஸ்னெச் 75. குழாய் ஒரு பக்கம் சுத்தவே இல்லை. போட்டிக்கு ஆறு கிழமை இருக்கு, முயற்சிகள் எப்பிடிப் போடலாம்?

இரும்புக்கடை:
அப்ப பயந்தான், டோல் ஸ்னெச்சைத் தொடங்குங்கோ. ஆறு கிழமையில 83–84 வரலாம், அதுக்கு மேல எதிர்பாக்க வேண்டாம். ஸ்னெச் 76, 80, 83. ஜேர்க் 102, 107, 111. முதல் முயற்சி அவன் காய்ச்சலில வந்தாலும் எடுக்கிற எடையா இருக்கோணும், மூண்டும் விட்டா மொத்தமே இல்லை. பதிவு மொத்தத்தை (போட்டிக்குப் பேர் குடுக்கேக்க எழுதுற மொத்தம்) 190க்கு மேல குடுக்காதேங்கோ, ரெண்டு முதல் முயற்சியையும் கூட்டினா அதுக்கு 20 கிலோவுக்குள்ள வரோணும். வார்ம்-அப்பில மேடையில மற்றவை செய்யிற மூண்டு தூக்கலுக்கு இவன் ஒண்டு எண்டு எண்ணுங்கோ, கடைசி வார்ம்-அப் 72. பேர் கூப்பிட்டா ஒரு நிமிசம், அடுத்தடுத்து தானே தூக்கினா ரெண்டு. எடை மாத்துறதெண்டா கடைசி 30 செக்கன் மணிக்கு முதல், ஒரு முயற்சிக்கு ரெண்டு தரம் மட்டும். மேசைக்குப் போய் எழுதிக் குடுக்க ஒரு ஆளைத் தனியா விடுங்கோ, பெடியனோட நிக்கிற ஆள் போகக் கூடாது.