“ஊசி போட்டுவிடுங்கள்” என்று கேட்டபோது உங்கள் புற்றுநோய் மருத்துவர் என்ன சொன்னார்?

தென்காசிக்காரன்:
அப்பாவுக்குக் கன்னப்புற்று. கதிர்வீச்சும் கீமோவும் முடிந்து, கன்னம் துளைபட்டு, குடித்த தண்ணீர் வெளியே வழிந்துகொண்டிருந்த நாட்களில், “ஒரு ஊசி போட்டு அனுப்பி வைத்துவிடுங்கள் சார்” என்று மருத்துவரிடம் கேட்டவன் நான்தான், அப்பா அல்ல. அவர் கோபப்படவில்லை. “நேற்று இரவு எத்தனை மணிக்கு வலியில் எழுந்தார்?” என்று கேட்டு, நான்கு மணி நேரத்துக்கு மார்பின் என்ற வலிநிவாரணி மாத்திரை ஒன்றும் மலச்சிக்கலுக்கு மருந்தும் எழுதினார். மூன்றாம் நாள் அப்பா செய்தித்தாள் கேட்டார். அதன்பின் பதினேழு நாட்கள் இருந்தார். சீட்டை நீட்டும்போது அந்த மருத்துவர், “நீங்கள் கேட்டதற்குச் சட்டத்தில் இடமில்லை” என்றார். தவறு என்று சொல்லவில்லை. இடமிருந்தால் செய்திருப்பாரா என்ற கேள்விதான் இன்னும் என்னை விடவில்லை.

மீனாட்சி மகள்:
உங்களுக்கு வாய்த்தவர் பதிலாவது சொன்னார். சினைப்பைப் புற்று கல்லீரலுக்குப் பரவிய நிலையில், “குழாய் எதுவும் வேண்டாம்” என்று அம்மா எங்களிடம் முன்பே சொல்லியிருந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், செயற்கைச் சுவாசம் வேண்டாம் என்று நான் சொன்னவுடன், “என்னைக் கருணைக்கொலை செய்யச் சொல்கிறீர்களா?” என்று மருத்துவர் உரத்துக் கேட்டார். சித்தப்பா திரும்பி என்னைப் பார்த்தார். மருத்துவ ஆலோசனைக்கு எதிராக அழைத்துச் செல்வதாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். வீடு வந்து சேருமுன் ஆம்புலன்சிலேயே அம்மா போய்விட்டார். சித்தப்பாவின் அந்தப் பார்வை இன்றைக்கும் மாறவில்லை.

வலிதணிப்புச் செவிலி:
சகோதரி, அந்த மருத்துவர் சொன்னது சரியல்ல. ஊசி போட்டு உயிரைப் போக்குவது வேறு, பயனற்ற கருவியைத் தொடங்காமல் விடுவது வேறு. முதலாவது இந்தியாவில் குற்றம். இரண்டாவதை 2011ஆம் ஆண்டு, பல்லாண்டுகள் நினைவிழந்து கிடந்த செவிலி அருணா ஷான்பாக்கின் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் நிபந்தனைகளோடு ஏற்றது. 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்தோடு இறப்பதும் வாழ்வுரிமையின் பகுதியே என்று கூறி, கடைசி நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே விருப்ப ஆவணம் எழுதிவைக்கவும் வழி செய்தது. அதற்கு மாஜிஸ்திரேட்டின் கையொப்பம் வேண்டும் என்றிருந்த விதியை 2023 ஜனவரியில் தளர்த்தியதால், இப்போது நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும். பிறகு அதன்படி சிகிச்சையை நிறுத்தவோ தொடங்காமல் விடவோ இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒப்ப வேண்டும். ஆகவே எல்லோரும் நினைவு தெளிவாக இருக்கும்போதே இரு சாட்சிகளை வைத்து எழுதிவிடுங்கள். நகலை வீட்டாரிடமும் குடும்ப மருத்துவரிடமும் கொடுங்கள். மார்பின் ஆளைக் கொன்றுவிடும் என்று அஞ்சவும் வேண்டாம், வலிக்கேற்ற அளவில் கொடுத்தால் கொல்லாது.

என் அனுபவம் சிறியது. பல்லாண்டுகள் புற்றுநோய் மருத்துவராக இருந்த ஒருவர், எங்கள் வார்டில் படுத்திருந்த தம் தாயைப் பார்த்துவிட்டு, “அளவைக் கொஞ்சம் கூட்டிவிடுங்களேன்” என்றார். சிறிது நேரத்தில் திரும்பி வந்து, “நான் சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதிவிடாதீர்கள்” என்றார்.

கடல்கடந்தவன்:
தென்காசி அண்ணன் கேட்டதற்கு ஒரு விடை: நெதர்லாந்தில் 2002 முதல் சட்டத்தில் இடமுண்டு, ஆனால் எந்த மருத்துவரும் செய்தே தீர வேண்டும் என்ற கட்டாயமில்லை. கணையப்புற்று வந்த என் பக்கத்து வீட்டுக்காரரிடம் மருத்துவமனை நிபுணர், “நான் செய்வதில்லை, உங்கள் குடும்ப மருத்துவரிடம் பேசுங்கள்” என்றுதான் சொன்னார். அங்கே பெரும்பாலும் அதைச் செய்பவர்களும் குடும்ப மருத்துவர்களே.

தென்காசிக்காரன்:
செவிலி அம்மா, நான் சட்டத்தைக் கேட்கவில்லை. காரியம் முடிந்து, மீந்த மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அப்பாவின் மருத்துவரிடமே கேட்டுவிடலாம் என்றிருந்தேன். அவர் முந்திக்கொண்டு, “கடைசி இரவு தூங்கினாரா?” என்றார். தூங்கினார் என்றேன். கேட்காமலே வந்துவிட்டேன்.